சாம்பல் கோட்டு வில்லனுக்கு மார்க் போட்ட கதை

அந்தத் தெருவில் ஒரு படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்பதை யாரும் பேப்பரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. கிளினிக்குக்குப் போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்து முடிவு செய்வார்கள்.

டாக்டரம்மாவின் அறையை ஒட்டிப் பச்சைத் திரை தொங்கும் ஒரு மூலை. உள்ளே உயரமான கட்டில், ஏறுவதற்கு ஒரு முக்காலி, எந்நேரமும் ஸ்பிரிட் வாடை. அதுதான் கம்பவுண்டரின் ராஜ்யம். அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இல்லாமல் இல்லை. ஆனால் அதை யாராவது சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லோருக்கும் அவர் கம்பவுண்டர். கோபம் வந்தால் பெண்டாட்டிக்கும் கம்பவுண்டர்தான்.

ஊசிக்குப் பயந்தவர்களின் கவனத்தைத் திருப்புவதற்காகத்தான் முதலில் சினிமாவைப் பிடித்தார். "புதுப் படம் பாத்தாச்சா?" என்பார். கட்டிலில் குப்புறக் கிடப்பவர் பதில் சொல்ல வாயைத் திறப்பார். பிறகு பஞ்சால் தேய்த்துக்கொண்டே தீர்ப்பு. "இடைவேளை வரைக்கும் உக்காரலாம். அதுக்கப்புறம் வீட்டுல வேலை இருந்தா போய்ப் பாருங்க." அப்படிச் சொல்லிச் சொல்லியே பெரிய ஆளாகிவிட்டார். பேக்கரிக்காரர் உடம்புக்கு ஒன்றும் இல்லாமலேயே வெள்ளிக்கிழமை தவறாமல் சத்து ஊசி போட்டுக்கொள்ள வருகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பில் ஆள் கறார். ஹீரோவைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "அவன் ஜெயிக்கத்தான் போறான். போஸ்டர்லயே போட்டுட்டான். அதுல என்ன இருக்கு? வில்லன் தேறினா படம் தேறும்." வில்லனுக்கு மட்டும்தான் மார்க்.

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல கை. குரல் அதைவிட நயம், வெண்ணெய் தடவின மாதிரி. "அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. ஒண்ணுமில்ல. மூணு எண்ணுவேன், மூணாவதுலதான் குத்துவேன்" என்பார். ஒண்ணு என்பார், ரெண்டு என்பார், ஊசி உள்ளே இருக்கும். மூணு என்பது ஊசி வெளியே வந்த பிறகு சொல்வது. இது தெருவுக்கே தெரியும். தெரியாத ஒரே ஆள் கம்பவுண்டர். மூணில்தான் குத்துகிறோம் என்று சத்தியம் செய்யவே தயாராக இருந்தார். எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. நாளைக்குக் காய்ச்சல் வந்தால் அதே கட்டிலில்தானே குப்புறப் படுக்க வேண்டும்?

அவர் வீட்டில் மைத்துனன் ஒருவன் இருந்தான். மனைவியின் தம்பி. டப்பிங் கலைஞன் என்று அவன் சொல்லிக்கொள்வான். 'மைக்' என்று தெரு சொல்லும். வெளிநாட்டுப் படங்களுக்குக் குரல் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தான். இதுவரை கொடுத்தது என்னவென்றால், கூட்டத்தில் "ஓடுங்க, ஓடுங்க!", போரில் "ஆ!", ஒரு விளம்பரத்தில் தும்மல். தும்மலைத் தெருவே வந்து கேட்டுவிட்டுப் போயிற்று.

அவன் அக்காவுக்குப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை. வீட்டுக்கு வந்தும் அதே குரல்தான். "ஒரு தும்மலை நம்பி எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கும் ஒருவரிடம் கம்பவுண்டரே சொல்லி ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்தார். வெளியே காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிட வேண்டும். "குரல் சம்பந்தப்பட்ட வேலைதானேடா" என்று அக்காள் சமாதானமும் சொல்லிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் 'நிழற்காவலன்' என்று தமிழ் பேச வைத்த வெளிநாட்டுப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. முதல் பாகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு மொட்டைமாடி மொட்டைமாடியாக நின்று துக்கப்பட்ட அதே ஆள், இதில் இன்னும் உயரமான மொட்டைமாடிகளில் நின்று இன்னும் அதிகமாகத் துக்கப்படுகிறான். இந்தத் தடவை மூன்று வில்லன்கள். அதில் ஒருவனுக்கு மைக் குரல் கொடுத்திருக்கிறான். முழு வில்லன்! பேசுகிற வில்லன்!

சாப்பாட்டு மேசையில் அதை அவன் சொன்னபோது அக்காள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த வில்லன்டா?"

"சொல்ல மாட்டேன்க்கா. மாமா படம் பாத்துட்டு மார்க் போடட்டும். தெரிஞ்சுட்டா எனக்குன்னு அள்ளிப் போட்டுருவாரு."

"நானா?" கம்பவுண்டருக்கு மானம் போய்விட்டது. "என் கல்யாணச் சாப்பாட்டையே சுமார்னு சொன்னவன்டா நான்."

"அதையும் எங்கப்பா காதுல விழற மாதிரி சொன்னவரு" என்றாள் மனைவி. உடனே பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டாள். "சரி, இப்படி வெச்சுக்குவோம். உங்க மாமா பாஸ் போட்டா நீ உன் மைக்கோடயே குடும்பம் நடத்து. நான் இனிமே ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஃபெயில் போட்டா செவ்வாய்க்கிழமை லேப்ல போய் உக்காரணும். சம்மதமா?"

மைக் கம்பவுண்டரைப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது வெறும் பயம் இல்லை. இந்த ஆள் பொய் சொல்ல மாட்டார் என்கிற நம்பிக்கையும் கூடவே இருந்தது. அதுதான் கம்பவுண்டருக்குச் சாப்பாடு இறங்காமல் செய்தது.

"சம்மதம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. தெருவில் பாதிப் பேர் தியேட்டரில் இருந்தார்கள். பேக்கரிக்காரர் குடும்பத்தோடு இரண்டு வரிசை முன்னால். நடுவில் கம்பவுண்டர், ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மைக். அவன் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் வரை ஆரம்பித்துவிட்டதா என்று தெரியவில்லை. அவ்வளவு இருட்டு. எங்கேயோ மழை பெய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

"கரண்ட் போயிருச்சா?" என்றார் கம்பவுண்டர்.

"இல்ல மாமா, அது ஹீரோ."

மின்னல் அடித்தபோது ஹீரோ தெரிந்தான். நனைந்துகொண்டே யோசித்துக்கொண்டிருந்தான். "இப்படி நனைஞ்சா நெஞ்சுல சளி கட்டும்" என்று கம்பவுண்டர் முணுமுணுத்தார். அடுத்த காட்சியில் அவன் தோளில் குத்தியிருந்த துருப்பிடித்த கம்பியைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு முகமூடியை மாட்டிக்கொண்டு கிளம்பினான். கம்பவுண்டர் எழுந்து நிற்காத குறை. "டெட்டனஸ் ஊசி? அது யார் போடுவா?"

"உக்காருங்க. அவங்க ஊர்லயும் கம்பவுண்டர் இருப்பாங்க" என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

முதல் வில்லன் வந்தான். பாலத்தைப் பிய்த்து எறிகிற ராட்சசன். அவன் உறுமினால் தியேட்டர் ஸ்பீக்கரில் தூசி உதிர்ந்தது. "உன் நகரத்தை என் காலடியில் நசுக்குவேன்!" கம்பவுண்டருக்குப் புல்லரித்துவிட்டது. இதுதான் நம்ம பையன் என்று முடிவு கட்டிவிட்டார். முழங்கையால் இடித்து, "அமுக்கமா இருந்துக்கிட்டு என்னடா தொண்டை இது!" என்றார். மைக் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாசத்துக்கு ஆடக் கூடாது என்று கம்பவுண்டர் தன்னைத்தானே அடக்கிக்கொண்டு, மனசுக்குள் எண்பது மார்க் போட்டார். இரண்டாவது வில்லன் ஒரு பெண். சாட்டையைச் சுழற்றிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஒரு ஐம்பது.

மூன்றாவது ஆள் இடைவேளைக்குப் பிறகு வந்தான். சாம்பல் நிறக் கோட்டு, ஒல்லி உடம்பு, வழுக்கை. ஆயுதம் ஒன்றும் இல்லை. ஆட்களின் கண்ணில் இருக்கும் வெளிச்சத்தைத் திருடுகிறவனாம். ஒரு போலீஸ் அதிகாரியை மேசைமேல் கிடத்தி, நெற்றியில் விரலை வைத்தான். தியேட்டரே மூச்சைப் பிடித்தது. அவன் வாயைத் திறந்தான்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. ஒண்ணுமில்ல. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். மூணு எண்ணுவேன். ஒண்ணு... ரெண்டு..."

ரெண்டிலேயே ஆள் காலி.

"மூணு. ஆச்சு. எந்திரிங்க."

இருக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிரீச்சிட்டன. பேக்கரிக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழும்பி இடது பக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி தன் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். கம்பவுண்டர் இதையெல்லாம் பார்த்தார். பாவம், சனங்கள் சலிப்பில் நெளிகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். மனைவியைத் திரும்பிப் பார்த்தால், அவள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். செத்துப்போன போலீஸ்காரனுக்காக இவ்வளவு அழுகையா என்று நினைத்தார்.

அதன் பிறகு அந்தக் கோட்டுக்காரன் திரையில் வரும்போதெல்லாம் பாதித் தியேட்டர் உட்காரவில்லை.

படம் விட்டதும் வாசலில் கூட்டம் கம்பவுண்டரைச் சூழ்ந்தது. வழக்கமாக அவர் தீர்ப்பை ஊசி அறையில்தான் சொல்வார். ஆனால் இன்றைக்கு இது வீட்டு வழக்கு. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ராட்சசன் எண்பது. தாராளமா பாஸ். அந்தம்மா ஐம்பது, தப்பிச்சாங்க. மூணாவது ஆள் இருக்கானே, கோட்டு..."

"சொல்லுங்க" என்றார் பேக்கரிக்காரர். அவர் குரல் ஒரு மாதிரி நடுங்கியது.

"ஃபெயில்."

கம்பவுண்டர் விரலை மடக்கிக் காரணங்களை அடுக்கினார்.

"அதென்ன குரல்? வில்லன் பேசினா நமக்கு ஈரக்கொலை நடுங்க வேணாமா? பக்கத்து வீட்டுக்காரன் பேசற மாதிரி பேசறான். குத்தறவன் குத்திட்டுப் போக வேண்டியதுதானே, எறும்பு கடிக்குமாம், திரும்பிக்கணுமாம்! அதைக்கூட விடுங்க. மூணு எண்ணுவேன்னு வாயால சொல்லிட்டு ரெண்டுல வேலையை முடிக்கிறான். வாக்கு சுத்தம் வேணாமா? வில்லனா இருந்தாலும் ஒரு நேர்மை வேணும்ல?"

பேக்கரிக்காரர் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் முதுகு குலுங்கியது. இன்னொருவர் குனிந்து, கட்டியிருந்த செருப்பையே மறுபடி கட்டினார்.

"மாமா" என்றான் மைக். "அது நான்தான்."

கம்பவுண்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. வாயிலிருந்து வந்துவிட்டதை இனி எங்கே போய்ப் பொறுக்குவது? அத்தனை பேர் முன்னால் சொன்ன மார்க். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள்.

"பரவாயில்ல மாமா. பேச்சுன்னா பேச்சுதான். செவ்வாய்க்கிழமை லேபுக்குப் போறேன்." சொல்லிவிட்டு அவன் முன்னால் நடந்தான். நடையில் கோபம் இருந்திருந்தால்கூட கம்பவுண்டருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை கிளினிக்கில் முதல் ஆள் ஒரு லாரி டிரைவர். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். காலில் ஆணி ஏறிவிட்டது. கம்பவுண்டர் மருந்தை ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல வெண்ணெய்க் குரலில், "சட்டைக்கையைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றார்.

டிரைவர் கட்டிலில் இருந்து துள்ளிக் கீழே இறங்கிவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். குத்திக்கங்க, எங்க வேணும்னாலும் குத்திக்கங்க. ஆனா எண்ணாதீங்க."

"ஏங்க?"

"நேத்து அந்தப் படம் பாத்தேன்."

கம்பவுண்டருக்குப் புரியவில்லை. "படத்துக்கும் எனக்கும் என்ன? அவன் ஏமாத்துக்காரன். நான் மூணுலதான் குத்துவேன். பயப்படாம ஏறி உக்காருங்க. ஒண்ணு... ரெண்டு..."

"மூணு எங்க?" என்று அலறினார் டிரைவர்.

கம்பவுண்டர் தன் கையைப் பார்த்தார். ஊசி உள்ளே இருந்தது. மருந்தும் இறங்கியிருந்தது. சிரிஞ்சு மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி அவர் விரலிடுக்கில் நின்றது.

"மூணு" என்றார், ரொம்பத் தாமதமாக.

டிரைவர் போன பிறகு திரையை விலக்கி, "டாக்டரம்மா, நான் எப்ப குத்தறேன்?" என்று கேட்டார்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தவில்லை. "ரெண்டுல."

"எப்பவாவதா?"

"எப்பவும். நீங்க மூணுல குத்தி நான் பாத்ததே இல்லையே." பிறகு கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். "அது கிடக்கட்டும். நீங்க சினிமாவுல சேந்ததை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பேரப்பசங்க நேத்து வந்து சொல்றாங்க, பாட்டி, உங்க கம்பவுண்டர் குரல்ல ஒரு பேய் பேசுதுன்னு."

கம்பவுண்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரவர் குரல் அவரவர் காதுக்கு வேறு மாதிரிதானே கேட்கிறது. தியேட்டரில் எழும்பிய இடுப்புகள், செருப்பு கட்டினவர், சுவரைப் பார்த்த பேக்கரிக்காரர் எல்லோரும் ஒவ்வொருவராக அவர் கண் முன்னால் வந்து போனார்கள். வாக்கு சுத்தம் என்று தான் பிரசங்கம் செய்ததை நினைத்தபோது காது மடல் சுட்டது.

மதியம் வீட்டுக்குப் போனார். மனைவி அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"அது என் குரல்னு உனக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து கேக்கறேன். தெரியாம இருக்குமா?"

"தெரிஞ்சும் நேத்து ஏன் சொல்லல?"

அவள் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். "சொல்லியிருந்தா அவன் பாஸ் ஆயிருப்பான்."

தம்பி மேல் ஆசை இல்லாதவள் அல்ல. ஆசைதான் அவள் வாயை அடைத்தது. அது அவருக்கும் தெரிந்தது.

உள்ளறையில் மைக் நாளைக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பட்டனைச் சுற்றிச் சுற்றி இஸ்திரிப் பெட்டியின் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்த அக்கறையைப் பார்த்ததும் கம்பவுண்டருக்கு என்னவோ செய்தது. அவ்வளவு அக்கறையாக அவன் எதையும் செய்து அவர் பார்த்ததில்லை. தோற்றவன்தான் இப்படி இஸ்திரி போடுவான்.

"ஏன்டா என் குரலை எடுத்தே?"

மைக் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "கோவிச்சுக்காதீங்க மாமா. ஸ்டூடியோவுல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அந்தக் கோட்டுக்காரனுக்குக் கத்திப் பாத்தாங்க, ஒட்டவே இல்ல. அவன் வாய் அசைவு ரொம்பக் கொஞ்சம். உலகத்துலயே எனக்குப் பயமான குரல் எதுடான்னு யோசிச்சேன். அக்கா கல்யாணத்தப்ப எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, நீங்கதானே போட்டீங்க... அது ஞாபகம் வந்துச்சு. பேசிக் காட்டினேன். டைரக்டர் எந்திரிச்சு வந்து கையைக் குடுத்தாரு."

"இப்பப் பேசு."

"வேணாம் மாமா."

"பேசுடா. கண்ணை மூடிக்கறேன்."

கண்ணை மூடினார். பிறகு மிக அருகில், மிக மரியாதையாக, "அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. ஒண்ணுமில்ல" என்று கேட்டது.

கம்பவுண்டரின் பிடரி மயிர் நட்டுக்கொண்டது. அவர் பின்னால் போய்ப் பீரோவில் இடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்து பார்த்தால் அதே பயல்தான், பனியனோடு நிற்கிறான்.

"அடப்பாவி" என்றார். மூச்சு வாங்கியது. "நான் இப்படியா பேசறேன்? ஊசிக்கு முன்னாடி?"

"இதைவிட அன்பா பேசுவீங்க மாமா. அதுக்கு மேல எனக்கு வரல."

கம்பவுண்டர் பீரோவில் சாய்ந்தபடியே யோசித்தார். மார்க்கைத் திருத்தினால் தெரு சிரிக்கும். வெள்ளிக்கிழமை பேக்கரிக்காரர் குப்புறப் படுத்துக்கொண்டே சிரிப்பார், அது ஊசிக்கு ஆபத்து. இதுவரை போட்ட மார்க் எல்லாம் சந்திக்கு வரும். திருத்தாவிட்டால், இந்த இஸ்திரி போட்ட சட்டை நாளைக்கு லேபுக்குப் போய்விடும், உள்ளே இவனும் போய்விடுவான்.

"கேட்டுக்கடா. அந்த வில்லன் ஃபெயில்தான். அதுல மாத்தமில்ல. சொன்ன சொல்லு தவறினவன், அவனுக்கு மார்க் கிடையாது." விரலை நீட்டிச் சொல்லிவிட்டு விரலை மடக்கிக்கொண்டார். "ஆனா குரலுக்குத் தனியா போடணும். நான் அதைச் சேத்துப் போட்டுட்டேன். குரலு... தொண்ணூறு."

மைக் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான்.

கம்பவுண்டர் கூடத்துக்கு வந்து போனை எடுத்து லேப்காரரைக் கூப்பிட்டார். பையனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா, வெளியூர் போகிறான் என்று சொல்லலாமா என்று இரண்டு பொய்களை நாக்கில் வைத்துப் பார்த்தார். இரண்டும் நிற்கவில்லை.

"நாளைக்கு என் மச்சான் வரமாட்டான். மன்னிச்சுக்கங்க" என்றார். "தப்பு என் மேலதான். நான்தான் தப்பா மார்க் போட்டுட்டேன்."

மறுமுனையில் லேப்காரர் அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். அவரும் ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்துவிட்டு வாசல் கூட்டத்தில் நின்றவர்தான். அந்தக் குரல் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ரத்தம் கொடுக்க வந்தவன் பெயரை மாற்றிக்கொண்டு ஓடிவிடுவானே என்று ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாராம்.

சமையலறையில் கரண்டி நின்றது.

"டேய்!" என்று மனைவி உள்ளிருந்தே ஒரு சத்தம் போட்டாள். "அவர் குரல்ல பேசறதுன்னா நம்பற மாதிரி ஏதாவது பேசுடா. தப்பு என் மேலதான்னு உங்க மாமா என்னைக்குடா சொல்லியிருக்காரு?"